ஒரே நாவலுக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும்: யார் சொல்வதை நம்புவது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் 'தி ஹங்கர் கேம்ஸ்', 'டைவர்ஜென்ட்' மாதிரி நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறாள். அடுத்து எதை வாங்கித் தரலாம் என்று வாசகர்கள் எழுதியதைப் பார்த்தால், ஒரே புத்தகத்துக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து "அழுதுவிட்டேன்" என்கிறார், அடுத்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து "காதல் வந்து கதையையே கெடுத்துவிட்டது" என்கிறார். இதில் யாரை நம்புவது, பேசாமல் காதல் இல்லாத நாவலாகப் பார்த்துத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு பேரையுமே நம்பலாம். பதினைந்து வருடமாக இந்த வகை நாவல்களையும், அவற்றைப் பற்றி வாசகர்கள் எழுதுவதையும் சேர்த்தே படித்து வருகிறேன். நான் பார்த்தவரை, காதல் இருக்கிறதே என்று யாரும் பெரிதாகக் கோபப்படுவதில்லை. அந்தக் காதலைக் கதைக்குள் கொண்டுவந்தது யார் என்பதில்தான் சண்டை. கதை நடக்கிற உலகமே அந்தக் காதலை உண்டாக்குகிறதா, அல்லது புத்தகம் விற்க வேண்டும் என்று யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினார்களா? பதினாறு வயது வாசகருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. பெயர் சொல்லத் தெரியாததால் "லவ் ட்ரையாங்கிள் பிடிக்கவில்லை", "இன்ஸ்டா லவ்" (பார்த்தவுடனே வந்துவிடும் காதல்) என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே நிறைய நாவல்களின் முடிவைப் பேசியிருக்கிறேன். உங்களுக்காக எழுதியது, மகள் படிக்க வேண்டாம்.

டிஸ்டோபியா, அதாவது அரசு குடிமக்களை நசுக்கும் ஒரு கெட்ட எதிர்காலத்தைச் சொல்லும் கதை, காதலோடு சேர்ந்தது நேற்று நடந்த விஷயம் இல்லை. ஆர்வெல் 1949-ல் எழுதிய '1984'-ல் வின்ஸ்டனும் ஜூலியாவும் ஒளிந்து சந்திப்பதுதான் கட்சிக்கு எதிராக அவர்கள் செய்யும் முதல் பெரிய குற்றம். அதற்கும் முன்னால், 1924-ல் ஆங்கிலத்தில் வந்த ரஷ்ய எழுத்தாளர் சம்யாட்டினின் 'நாம்' நாவலில் எண்களால் மட்டும் அழைக்கப்படும் ஒரு மனிதன் ஒரு பெண்ணின் மேல் கொண்ட ஆசையால்தான் அரசைச் சந்தேகிக்கவே ஆரம்பிக்கிறான். 1993-ல் லோயிஸ் லவ்ரி சிறுவர்களுக்காக எழுதிய 'தி கிவர்' நாவலில் பன்னிரண்டு வயது ஆகப்போகிற பையனுக்குக் காதல் உணர்வின் முதல் அசைவு கனவில் வந்த மறுநாளே மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பையும் நினைப்பையும் கட்டுப்படுத்த நினைக்கிற அரசு முதலில் கைவைக்கிற இடம் அதுதான். அதனால் "டிஸ்டோபியன் கதையில் காதலுக்கு என்ன வேலை" என்று ஒருவர் எழுதினால், அந்தக் குறையை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

ஆனால் அப்படி எழுதுகிறவர்கள் எரிச்சலடைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 'ட்விலைட்' 2005-ல் வந்தது, நான்காம் பாகம் 2008 ஆகஸ்டில். அடுத்த மாதமே 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்தது. ஒன்று ரத்தக்காட்டேரிக் காதல், இன்னொன்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய கொடூரக் கதை. இரண்டும் அசாத்தியமாக விற்றதும் பதிப்பகங்கள் அடுத்த நாலைந்து வருடம் இரண்டையும் ஒரே அச்சில் ஊற்றினார்கள். 2010-ல் 'மேச்டு', 2011-ல் மட்டும் 'டெலிரியம்', 'டைவர்ஜென்ட்', 'ஷாட்டர் மீ', 'லெஜண்ட்', 2012-ல் 'தி செலக்‌ஷன்'. பெரும்பாலும் மூன்று பாகம், பதினாறு பதினேழு வயதுப் பெண், அவளே தன் கதையைச் சொல்கிறாள், பலவற்றில் இரண்டு பையன்கள். வரிசையாக ஏழெட்டுப் படித்தவருக்கு ஒன்பதாவதில் இரண்டாவது பையன் நுழைந்ததுமே சலிப்பு வரும். அந்தச் சலிப்பில் விழுந்த ஒற்றை நட்சத்திரங்கள் நிறைய. அது அந்தப் புத்தகத்தின் மேல் வந்த தீர்ப்பா, அதற்கு முன் படித்த எட்டின் மேல் வந்த தீர்ப்பா என்று பார்க்க வேண்டும். விமர்சனம் எழுதிய தேதியைப் பாருங்கள், 2013-க்குப் பிறகு எழுதியவற்றில் இந்த அலுப்பு நன்றாகத் தெரியும்.

'தி ஹங்கர் கேம்ஸ்' உங்கள் மகள் படித்துவிட்டாள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வகையில் அளவுக்கு மேல் தவறாகப் பேசப்பட்ட காதல் அதுதான். சூசன் காலின்ஸ், தொலைக்காட்சியில் சேனலை மாற்றிக்கொண்டே போகும்போது ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் ஈராக் போர்க் காட்சிகள், இரண்டும் தன் மனத்தில் கலந்துபோனதிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, கதாநாயகி காட்னிஸுக்கும் அவளோடு அந்தக் கொலை அரங்கத்துக்கு அனுப்பப்படும் பீட்டாவுக்கும் இடையிலான காதலைப் பாருங்கள். அரங்கத்துக்குப் போவதற்கு முந்தைய நேர்காணலில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, பீட்டா தன் காதலைச் சொல்கிறான். அந்த நொடியிலிருந்து அது காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது. அரங்கத்துக்குள் அடிபட்டுக் கிடக்கும் அவனுக்கு காட்னிஸ் ஒரு முத்தம் கொடுத்ததும் பாராசூட்டில் சூப் வந்து இறங்குகிறது. இன்னும் நன்றாக நடித்தால் இன்னும் சாப்பாடு வரும் என்று வெளியே இருக்கும் அவர்கள் வழிகாட்டி ஹேமிச் சொல்லாமல் சொல்கிறான். பசியும் முத்தமும் ஒரே கணக்கில் எழுதப்படுகிற இடம் அது. தனக்கு அவன்மேல் இருப்பது என்னவென்று காட்னிஸுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் ஐந்து நிமிடத் தனிமை கூடக் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்து ரயிலில் ஊருக்குத் திரும்பும்போது, அவள் செய்ததில் பெரும்பகுதி கேமராவுக்காக என்று பீட்டாவுக்குத் தெரியவரும் பக்கங்கள் இருக்கின்றனவே, இளையோர் நாவல்களில் அதைவிட வலிக்கிற பிரிவை நான் அதிகம் படித்ததில்லை.

இந்தக் காதலை எடுத்துவிட்டால் நாவலே நிற்காது. ஆனால் புத்தகமும் படமும் பரவிய காலத்தில் வாசகர்கள் "டீம் பீட்டா", "டீம் கேல்" (கேல், காட்னிஸின் ஊர்க்காரன், நெருங்கிய நண்பன்) என்று பிரிந்து நின்றார்கள், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். 'ட்விலைட்'டுக்கு அப்படிப் பிரிந்த பழக்கம் அப்படியே தொடர்ந்தது. நாவலுக்குள் தலைநகரத்து ஜனங்கள் அந்த இருவரின் காதலுக்காக உருகிப் பணம் அனுப்பியதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லையே என்று அப்போதே பல வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். அவர்களோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதியில், பீட்டாவா கேலா என்பது நிஜமாகவே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது எந்தப் பையன் அழகு என்கிற கேள்வியாகக் கடைசிவரை இருப்பதில்லை. மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே'யில் கேல் ஒரு பொறியைத் திட்டமிட உதவுகிறான்: முதலில் ஒரு குண்டு, அடிபட்டவர்களுக்கு உதவ ஆட்கள் ஓடிவந்ததும் இரண்டாவது குண்டு. கடைசியில் அதே முறையில் வெடித்த குண்டில் காட்னிஸின் தங்கை ப்ரிம் சாகிறாள். அது தன் குண்டுதானா என்று கேலுக்கே தெரியாது. அதற்கப்புறம் அவனோடு அவள் எப்படி வாழ முடியும்? எரிகிற கோபம் தன்னிடமே போதும் போதும் என்று இருக்கிறது, தனக்கு வேண்டியது சாம்பலுக்குப் பிறகும் துளிர்க்கிற ஒன்று என்று அவள் முடிவு செய்கிறாள். போர் முடிந்தபின் எப்படி உயிரோடு இருப்பது என்ற கேள்விக்கான பதில்தான் பீட்டாவோடு அவள் அமைத்துக்கொள்ளும் அந்த வாழ்க்கை. பதினைந்து வயதில் "ஐயோ, கேல் பாவம்" என்று எழுதியவர்கள், இருபத்தைந்தில் மறுபடி படித்துத் தங்கள் கருத்தை மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன், படிக்கவே சந்தோஷமாக இருக்கும்.

'மாக்கிங்ஜே' வந்த 2010-ல் நிறையப் பேருக்கு ஏமாற்றம். காட்னிஸ் பாதிப் புத்தகம் மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள், அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், எங்கே போனாள் எங்கள் வில்லாளி என்று கேட்டார்கள். முடிவுரையில் அவளுக்குக் குழந்தைகள் இருப்பதும் பலருக்குப் பிடிக்கவில்லை, முதல் பாகத்திலேயே பிள்ளை வேண்டாம் என்றவள் ஆயிற்றே என்று. எனக்கு அந்தப் பாகம்தான் மூன்றிலும் நேர்மையானது. இரண்டு முறை கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பெண் அப்படித்தான் இருப்பாள். குழந்தைக்குச் சம்மதிக்க அவளுக்குப் பதினைந்து வருடம் ஆனது என்ற ஒற்றை வரியைத் தாண்டிப் போனவர்களுக்குத்தான் அந்த முடிவுரை இனிப்பாகத் தெரிகிறது.

இதெல்லாம் பெண்பிள்ளைகள் படிக்கிற காதல் கதைதானே என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, போராடியவர்கள் இந்தக் கதையில் வருகிற மூன்று விரல் வணக்கத்தைக் காட்டினார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021-ல் மியான்மரிலும் அதே மூன்று விரல் தெருக்களில் எழுந்தது. எதைப் பின்னால் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று இளம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது 'டெலிரியம்'. லாரன் ஆலிவர் எழுதியது. அமெரிக்காவில் காதல் ஒரு நோய் என்று அரசு அறிவித்துவிட்டது, பதினெட்டு வயதானதும் மூளையில் ஒரு சிகிச்சை செய்து அதை நீக்கிவிடுவார்கள், அதுவரை ஆணும் பெண்ணும் பழகக்கூடாது, ஊரடங்கு உண்டு, சிகிச்சைக்குப் பின் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அரசே ஒரு பட்டியல் தரும். லேனா என்ற பெண் தன் சிகிச்சை நாளை எண்ணிக்கொண்டு ஆசையாகக் காத்திருக்கிறாள், அப்போது அலெக்ஸ் வருகிறான். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாடு முழுக்க இப்படி ஒரு சட்டத்தை எப்படி ஏற்றுக்கொண்டது, நம்பும்படியாக இல்லையே? இந்தக் கேள்வி நியாயம்தான், நாவலில் அதற்குப் பலமான பதில் இல்லை. ஆனால் தமிழில் படித்து வளர்ந்த எனக்கு அந்த உலகம் ஒரு நிமிடம்கூடப் புதிதாகத் தெரியவில்லை. மகளின் நடையில் ஏதோ மாற்றம் தெரிகிறது என்று தாய் அவளை வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்கு நம் அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று பெயரே இருக்கிறது. ஊர் வாய் பேசுவதற்கு அலர் என்று பெயர். தப்பித்துப் போவதற்கு உடன்போக்கு. லேனா வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலைத்திணைப் பாட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. காதலை நோய் என்று சொல்வதும் நமக்குப் புதிதில்லை, காமநோய் என்ற சொல் இரண்டாயிரம் வருடப் பழசு. நம்பும்படியாக இல்லை என்று எழுதிய வாசகர் எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்பதும் கணக்கில் வரவேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அந்த நாவலில் காதலர்களைவிட என்னை உலுக்கியது தாய்மார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்ட தாய் பிள்ளையிடமும் பாசம் காட்டமாட்டாள், காட்ட முடியாது. லேனாவின் அம்மாவுக்கு மூன்று முறை செய்தும் சிகிச்சை பலிக்கவில்லை, அதனால்தான் அவள் மகளைக் கட்டிப்பிடித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள் பாடினாள். அது வெளியே தெரிந்துவிடக்கூடாது என்று அந்தச் சின்ன வயதிலேயே குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. "வெறும் டீன் ஏஜ் காதல்" என்று எழுதியவர்கள் இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் ஜூலியன் என்று இன்னொரு பையன் வருகிறான், செத்துவிட்டான் என்று நினைத்த அலெக்ஸ் பாகத்தின் கடைசியில் திரும்பி வந்து நிற்கிறான். அங்கேதான் எனக்கும் கசந்தது. முதல் பாகத்தில் உலகம் கேட்ட காதல் இது, இரண்டாவதில் தொடர் வரிசை கேட்ட காதல். முதல் பாகத்தை மட்டும் தனி நாவலாகக் கொடுங்கள், அதற்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

'மேச்டு' சாதுவான நாவல். மெதுவாகப் போகிறது என்பார்கள், உண்மைதான். யாருக்கு யார் துணை என்று அரசு கணக்குப் போட்டுத் தருகிற உலகம், எண்பது வயதில் எல்லாரும் இறந்துபோக வேண்டும், உலகத்துக் கவிதைகளில் நூறு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார்கள். தாத்தா ஒளித்துவைத்திருந்த, பட்டியலில் இல்லாத இரண்டு கவிதைகள் பேத்தி கைக்கு வருகின்றன. காதல் வளர்வது அவளுக்கு ஒருவன் கையால் எழுதக் கற்றுக்கொடுப்பதில். எழுத்தை நேசிக்கிற பிள்ளைக்குப் பிடிக்கும், சண்டைக் காட்சி தேடுகிற பிள்ளை நாற்பது பக்கத்தில் மூடி வைத்துவிடும்.

'தி செலக்‌ஷன்' பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. இளவரசனுக்குப் பெண் தேட நாடு முழுக்க முப்பத்தைந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து அரண்மனையில் வைத்துத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், அதுதான் கதை. ஒரே ராத்திரியில் படித்தேன், உடைகள் அழகு, மனசு லேசாச்சு என்று எழுதுகிற வாசகர்கள் ஏராளம், அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், தேர்வு முடிந்த வாரத்தில் படிக்க ஒரு பிள்ளைக்கு அப்படி ஒன்று வேண்டும். ஆனால் அந்த நாட்டில் எட்டு சாதி. ஆங்கிலத்திலும் சாதி என்ற அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறார் ஆசிரியர். பிறப்பால் ஒரு எண் வருகிறது, எண்தான் தொழிலைத் தீர்மானிக்கிறது, பெண் யாரைக் கட்டுகிறாளோ அவன் எண்ணுக்கு இறங்குவாள் அல்லது ஏறுவாள். கதாநாயகி ஐந்தாம் சாதி, அவள் முதலில் விரும்பிய ஆஸ்பென் ஆறாம் சாதி, அவனைக் கட்டினால் அவளும் ஆறு. இரண்டாம் பாகத்தில், தேர்வுக்கு வந்த ஒரு பெண் அரண்மனைக் காவலன் ஒருவனைக் காதலித்து மாட்டிக்கொள்கிறாள், இருவரையும் பொது இடத்தில் வைத்துப் பிரம்பால் அடித்து எட்டாம் சாதிக்குத் தள்ளுகிறார்கள். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டிப்போடுகிற மண்ணிலிருந்து படிக்கிற எனக்கு அந்த அத்தியாயத்துக்குப் பிறகு அடுத்த விருந்துக்கு எந்த நிறத்தில் கவுன் என்ற பக்கத்துக்கு உடனே போக முடியவில்லை. கதாநாயகி அப்போது ஓடிப்போய்த் தடுக்கப் பார்க்கிறாள், பிறகு சாதியை ஒழிக்க வேண்டும் என்றும் பேசுகிறாள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் நாவலின் கண் இளவரசன் மேலேயே இருக்கிறது. "உலகம் மெல்லியதாக இருக்கிறது" என்று வெளிநாட்டு வாசகர்கள் எழுதுவது இதைத்தான். நம் பிள்ளைகள் படிக்கலாம், படித்தபின் அந்த எட்டு எண்களைப் பற்றி ஒரு மாலை பேசுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் பாட்டியிடம் போய் நம் ஊரில் யார் யார் எந்தத் தெரு என்று கேட்டாள்.

அப்புறம் 'டைவர்ஜென்ட்'. வாசகர் கோபம் என்று பேசினால் 2013 அக்டோபரில் வந்த அதன் மூன்றாம் பாகம் 'அலீஜன்ட்'டைத் தாண்ட முடியாது. வெரோனிகா ராத் முதல் பாகத்தைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதியவர், அது வெளிவந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. சிகாகோ நகரத்தில் மக்களை ஐந்து குணங்களின்படி ஐந்து பிரிவாகப் பிரித்திருப்பார்கள், ட்ரிஸ் எதிலும் அடங்காதவள். கடைசிப் பாகத்தின் முடிவில் அவள் சாகிறாள். மூன்று பாகம் அவள் குரலிலேயே கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? புத்தகம் வந்த வாரத்திலேயே ஒற்றை நட்சத்திரங்கள் கொட்டின. ஆசிரியரைத் திட்டியும் மிரட்டியும்கூட எழுதினார்கள், அதை ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ராத் பிறகு நீளமாக ஒரு விளக்கம் எழுதினார், இந்த முடிவு ஆரம்பத்திலிருந்தே தன் மனத்தில் இருந்தது என்று.

அந்த முடிவு சரி என்பதுதான் என் கருத்து. முதல் பாகத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் அவளுக்காக உயிரை விடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அவளும் சாகப் போகிறாள், ஆனால் அது குற்ற உணர்வில் எடுத்த முடிவு, தியாகம் என்ற பெயரில் தற்கொலை. மூன்றாம் பாகத்தில், தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் கேலப் சாகத் தயாராக நிற்கும்போது அவனை நிறுத்திவிட்டு, வாழ வேண்டும் என்ற முழு ஆசையோடு அவள் உள்ளே போகிறாள். கொல்லும் மருந்தையே தாங்கிவிட்டு, கடைசியில் துப்பாக்கிக் குண்டில் விழுகிறாள். அந்த மூன்று படிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேறு எங்கும் போயிருக்க முடியாது.

அப்படியென்றால் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் தவறா? அதுவும் இல்லை. அவர்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்தால் சாவைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் இருக்கும். இரண்டு பாகம் ட்ரிஸ் மட்டுமே பேசிய கதையில் மூன்றாவதில் திடீரென்று அவள் காதலன் ஃபோரும் மாற்றி மாற்றிப் பேசுகிறான், அவன் குரலுக்கும் அவள் குரலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அத்தியாயத் தலைப்பைப் பார்த்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவள் செத்தபின் கதை சொல்ல ஒருவன் வேண்டுமே என்று வைத்த ஏற்பாடு அது என்று முடிவில்தான் உறைக்கிறது. நகரமே ஒரு மரபணுச் சோதனை என்ற விளக்கம் அவசரம் அவசரமாக வந்து விழுகிறது. சாவு நியாயமானது, அதற்குப் போட்ட பாதை சரியில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்த வாசகர்கள் மூன்று நட்சத்திரம் கொடுத்தார்கள், அந்த மூன்று நட்சத்திர விமர்சனங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. புத்தகம் தேடும்போது நீங்களும் முதலில் அவற்றைப் படியுங்கள். பிடித்தது எது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

தாயாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 'டைவர்ஜென்ட்' முதல் பாகத்தில், கூடப் பயிற்சி பெறுகிற பையன்கள் சிலர் இரவில் ட்ரிஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறார்கள், அவள் உடம்பில் தவறாகக் கைவைக்கிறான் ஒருவன். அவர்களில் ஒருவனான ஆல் அவள் நண்பன். அவள் மன்னிக்க மறுத்தபின் அவன் தற்கொலை செய்துகொள்கிறான், அதை வீரம் என்று அந்தப் பிரிவின் தலைவன் ஒருவன் கூட்டத்தில் பேசுகிறான். ட்ரிஸ் அதை ஏற்பதில்லை, ஆனால் காட்சி கனமானது. காதல் இருக்கிறதா என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது இந்த மாதிரிப் பக்கங்கள் நம் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு பேச வேண்டியது முத்தத்தைவிட இதுதான்.

'ஷாட்டர் மீ', தொட்டாலே உயிரைப் பறிக்கும் கைகளை உடைய பெண்ணின் கதை என்று சொல்லலாம். உவமை மேல் உவமையாக, அடித்துத் திருத்திய வரிகளோடு எழுதியிருப்பதால் சிலருக்குக் கவிதை, சிலருக்குத் தலைவலி. அதில் முதலில் அவளை அடைத்துவைத்திருக்கும் வார்னர்தான் பின்னால் வாசகர்களின் செல்லப்பிள்ளை ஆகிறான். அவன் சின்ன வயதுத் துன்பம் தெரிந்ததும் மனம் இளகுகிறது என்கிறார்கள். எனக்கு இளகவில்லை, அடைத்துவைத்தவன் அடைத்துவைத்தவன்தான். இங்கே ஒற்றை நட்சத்திரக்காரர்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

இந்த விஷயத்தை காலின்ஸே பிறகு எடுத்து எழுதினார் என்று தோன்றுகிறது. 2020-ல் வந்த 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' 'தி ஹங்கர் கேம்ஸ்' நாட்டை ஆளும் கொடுங்கோலன் ஸ்னோவின் பதினெட்டு வயதைச் சொல்கிறது. அவன் லூசி கிரே என்ற பாட்டுக்காரியைக் காதலிக்கிறான். உண்மையில் அவளைத் தன்னுடையது என்று நினைக்கிறான், அவள் பழைய காதலனைப் பற்றிப் பாடினால்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் மண்டைக்குள்ளிருந்தே படிப்பதால் பல பக்கங்களுக்கு அது காதல் என்றே நமக்கும் தோன்றும், சந்தேகமும் பயமும் வந்ததும் அந்தக் காதல் எங்கே போய் நிற்கிறது என்று கடைசிக் காட்டில் தெரியும். 2023-ல் படம் வந்தபோது அவன் அழகில் மயங்கி எழுதியவர்களும் உண்டு, அவர்களிடம் சண்டை போட்டவர்களும் உண்டு. நிதானமாகப் போகிற, நீளமான நாவல். பையன் காட்டும் அக்கறைக்கும் அதிகாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பெண்பிள்ளைக்குக் காட்ட இந்த வரிசையில் இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

வாசகர் கருத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பதற்கு இன்னொரு உதாரணம். 'தி ஹங்கர் கேம்ஸ்' முதல் நாவலில் ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி கரும்பழுப்புத் தோல் உடையவள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2012-ல் படத்தில் ஒரு கறுப்பினச் சிறுமி அந்த வேடத்தில் வந்ததும், நாங்கள் நினைத்த ரூ இவள் இல்லை என்று புத்தகத்தைப் படித்தவர்களே இணையத்தில் இனவெறியோடு எழுதினார்கள். அவள் சாவு இப்போது அவ்வளவு சோகமாகத் தெரியவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வரி கண்முன்னால் இருந்தும் அவர்கள் பார்க்கவில்லை. எந்த விமர்சனத்தையும் படிக்கும்போது, இவர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறாரா, தான் கொண்டுவந்ததைச் சொல்கிறாரா என்று ஒருமுறை நிறுத்திப் பார்ப்பேன், என்னுடையதையும் சேர்த்து.

சரி, உங்கள் மகளுக்கு. காதல் இல்லாத நாவலாகத் தேட வேண்டாம். 'தி கிவர்' சின்னப் புத்தகம், முதலில் அதைக் கொடுங்கள். பிறகு 'டெலிரியம்' முதல் பாகம். அப்புறம் மேரி லூ எழுதிய 'லெஜண்ட்', அதில் பையனும் பெண்ணும் இருவருமே பதினைந்து வயது, ஒருத்தி அரசின் செல்லப் படைமாணவி, இன்னொருவன் அரசு தேடும் குற்றவாளி, ஏழைகள் பகுதியில் பரவும் நோய்க்குப் பின்னால் இருப்பது யார் என்பதுதான் கதை, காதல் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே நடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு 'பாலட்'. 'டைவர்ஜென்ட்' மூன்றாம் பாகத்தை அவள் இன்னும் தொடவில்லை என்றால் முடிவை வீட்டில் யாரும் சொல்லிவிட வேண்டாம். படித்து முடித்த அன்று அவள் கோபமாக இருப்பாள், இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் எந்தப் பக்கத்தில் கோபம் வந்தது என்று கேளுங்கள், அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.